கைகள் கற்ற கல்வி

நுழையும்முன்

இளமையில் கடல்கடந்து சென்று, உறவினர் வீட்டில் தங்கித் தொழில் பழகுவது தமிழருக்குப் புதியதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற இளைஞர் பலர், தொடக்க மாதங்களை மாமன் வீட்டிலோ சிற்றப்பன் கடையிலோதான் கழித்தனர். இக்காலத்தில் அரசுகளே இத்தகைய பயணத்திற்கு இசைவு வழங்குகின்றன. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்திய இளைஞர், ஆண்டுக்கு 1000 பேர், ஓராண்டுக் காலம் ஊர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இடையிடையே வேலையும் செய்ய ஆஸ்திரேலியா 2024ஆம் ஆண்டு முதல் வழிவகுத்துள்ளது. இப்பாடம் கூறுவது எதிர்த்திசையில் நடந்த ஒரு பயணம். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயச் சிறுவன் ஒருவன் ஒன்பது வயதில் இலண்டனில் இருந்த உறவினர் இல்லம் சென்றான்; அங்கிருந்தபடியே கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகினான்; 23 ஆண்டுகள் கழித்து மருத்துவராகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தான்.

மலைமேல் ஒரு மரவீடு

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுந்து நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் மலையாகவும், கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் சங்க இலக்கியம் வழியே நாம் இதனை அறிவோம். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகிறது. நூறாண்டுகளுக்கு முன்பு அந்தச் சாலை இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, ஆட்கள் சுமக்கும் டோலியில் அமர்ந்தோதான் மலையேற வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கு இரவு தங்கவும் தயங்கினர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவமனை என்பது மலைக்குக் கீழே, நெடுந்தொலைவில் இருந்த ஒன்று.

1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேய இணையர், திருமணம் முடிந்ததும் இம்மலையில் குடியேறினர். இருவரும் கிறித்தவ சமயப் பணியாளர்கள். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்கள் குறித்து ஓராண்டு மட்டும் பயின்றவர். ஆனால் கைத்திறன் மிக்கவர். கரையான் ஏறாதவாறு தூண்களின்மேல் எழுப்பிய மரவீட்டைத் தாமே முன்னின்று கட்டினார். பள்ளிகள் தொடங்கினார்; மலைவாழ் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்பித்தார்; பல் பிடுங்கினார்; புண்களுக்கு மருந்திட்டார். ஈவ்லினோ இலண்டன் மாநகரின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, பணிப்பெண்கள் சூழ வளர்ந்தவர். மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத அந்த மலை வீடு அவருக்கு எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1914 சூலை 17 அன்று அவர்களுக்குப் பிறந்த மகன்தான் பால் வில்சன் பிராண்ட். பின்னர் ஒரு தங்கையும் பிறந்தாள். பாலின் விளையாட்டுத் தோழர்கள் மலைவாழ் சிறுவர்களே. காலணி இன்றிக் காட்டில் திரிவதும் மரமேறுவதும் அவனுக்கு நாள்தோறும் வாய்த்தன. அன்னையே ஆசிரியர். மரக்கிளையில் அமர்ந்தபடி கணக்குகளைச் செய்து, விடைத்தாளைக் கீழே நின்ற அன்னைக்கு அவன் அனுப்பிய செய்தியை அவனது வரலாற்றை எழுதியோர் சுவையுடன் குறிப்பிடுவர்.

இனிமையற்ற காட்சிகளும் அந்த வீட்டு முற்றத்தில் நிகழ்ந்தன. அக்காலத்தில் கொல்லிமலையில் நரம்புச் சிலந்தி நோய் மிகுதியாக இருந்தது. நோயாளியின் காலிலிருந்து வெளிப்படும் நீண்ட புழுவைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதும், சீழ்க்கட்டிகளைக் கீறிவிடுவதும் ஜெஸ்ஸியின் அன்றாடப் பணிகளாயின. அவற்றைக் கண்ட சிறுவனுக்குச் சீழும் குருதியும் அருவருப்பூட்டின. ஒருநாள் தொழுநோயாளர் சிலர் மருத்துவம் நாடி வந்தபோது, தந்தை மனைவியையும் மக்களையும் வீட்டிற்குள் போகச் செய்தார். கையுறை அணிந்துகொண்டு நோயாளிகளின் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். சிறுவன் இதனை உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிற நோயாளிகள் எவருக்கும் தந்தை கையுறை அணிந்து அவன் கண்டதில்லை. அவர்கள் சென்ற பின் அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. அன்று மூடிய கதவு நெடுங்காலம் அவன் நினைவில் இருந்தது.

தெரிந்து தெளிவோம்

நரம்புச் சிலந்தி, நீரின் வழியே பரவும் புழுநோய். நுண்ணிய நீர்வாழ் உயிரிகளின் உடலில் வளரும் இளம்புழுக்கள், வடிகட்டாத குடிநீருடன் மனித உடலுக்குள் புகுகின்றன. ஏறத்தாழ ஓராண்டு கழித்து முதிர்ந்த புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் ஏற்படுத்தி வெளிவருகிறது. நோயுற்றவர் படிக்கிணற்றில் கால் வைக்கும்போது நீர் மீண்டும் மாசுறுகிறது. இதற்குத் தடுப்பூசியோ தனி மருந்தோ இல்லை. நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கச் செய்தும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும் இந்நோய் ஒழிக்கப்பட்டது. இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்ட நாடு என 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பு சான்றளித்தது.

உறவினர் இல்லம்

இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர், பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தாய்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது அக்கால வழக்கம். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கும் ஐந்து வயதில் தங்கையுடன் அவ்வாறு அனுப்பப்பட்டவரே. அவரைக் கூலிக்கு வளர்த்த இல்லத்தில் அவர் பட்ட துன்பங்கள் ஆங்கில இலக்கிய உலகம் அறிந்தவை. பாலுக்கு அந்நிலை நேரவில்லை. 1923ஆம் ஆண்டு குடும்பம் முழுவதும் இங்கிலாந்து சென்றது. விடுமுறை முடிந்து பெற்றோர் மலைக்குத் திரும்பியபோது, பாலும் தங்கையும் இலண்டன் செயிண்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் அன்னை பிறந்து வளர்ந்த குடும்பத்தாரிடம் விடப்பட்டனர். திருமணம் செய்துகொள்ளாத, அன்னையின் உடன்பிறந்தாரான இரு பெண்கள் அவர்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றனர்.

ஆங்கிலத்தில் தாயின் உடன்பிறந்தாள், தந்தையின் உடன்பிறந்தாள், மாமனின் மனைவி, சிற்றப்பனின் மனைவி ஆகிய அனைவருக்கும் ஒரே சொல்தான். பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமி எனத் தனித்தனியே அழைக்கும் மக்களிடையே வளர்ந்த பிள்ளைகள் அங்கே அந்த ஒரு சொல்லைக் கொண்டே உறவு கொண்டாட வேண்டியிருந்தது.

அன்பும் ஒழுங்கும் நிறைந்த வீடு அது. உணவுக்கும் உறக்கத்திற்கும் வழிபாட்டுக்கும் நேரம் வகுக்கப்பட்டிருந்தது. விலையுயர்ந்த மேசைகளும் திரைச்சீலைகளும் கொண்ட அறைகளுக்குள், காட்டில் வெறுங்காலுடன் ஓடித் திரிந்த இரு பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். பலா மரத்திற்கு மாற்றாகப் பால் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறினான். அந்த மூத்த பெண்கள் பொறுமையை இழக்காமல் அவனை வளர்த்தமை பாராட்டத்தக்கது. பள்ளியில் அவன் சிறந்து விளங்கவில்லை. வகுப்பறைக்கு வெளியே இருந்த பறவையும் மரமும் அவனை ஈர்த்த அளவுக்குப் பாடநூல் ஈர்க்கவில்லை.

உறவினர் வீடு எவ்வளவு அன்பு மிக்கதாயினும் பெற்றோரின் இடத்தை முற்றிலும் நிரப்பிவிடாது. கல்விக்காகச் செய்த ஏற்பாடு என்பதால் அந்தப் பிரிவின் கடுமையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இருவேறு கண்டங்களில் வாழ்ந்த அக்குடும்பத்தை இணைத்தவை கடிதங்களே. தந்தை வாரந்தோறும் எழுதினார். மலையின் மரங்கள், பூச்சிகள், பறவைகள், மழை, வீட்டு வேலைகள் எனத் தாம் கண்டவற்றை மகனும் காணும்படி எழுதுவார். அவை கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும்.

1929 சூன் மாதம் ஒரு தந்தி வந்தது. மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் இறந்துவிட்டார். அவருக்கு வயது 44. தந்தி கடலடிக் கம்பி வழியே விரைந்து வந்துவிட்டது; ஆனால் அதற்கு முன்பே தந்தை எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்தன. இறப்புச் செய்தி கிடைத்த பின்னும் சில வாரங்கள் வரை அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பதினைந்து வயதை எட்டாத மகன், மறைந்துவிட்ட தந்தையின் நலமான கையெழுத்தில் மலையின் மழையையும் மரங்களையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் விடைபெற்ற பின் அவன் தந்தையை நேரில் காணவே இல்லை.

கரணையும் இழைப்புளியும்

பள்ளிப் படிப்பை முடித்த பால், பதினாறாம் வயதில் கட்டடத் தொழில் பழகச் சேர்ந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. கொல்லிமலை முற்றத்தில் கண்ட சீழும் குருதியும் அந்த எண்ணத்தை அண்டவிடவில்லை. தந்தையைப் போலவே வீடும் பள்ளியும் கட்டத் தெரிந்த ஒருவராக மலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர் விருப்பம். உறவினர் இல்லத்தில் வாழ்ந்தபடியே ஐந்து ஆண்டுகள் அவர் கல் வேலை, செங்கல் வேலை, தச்சு வேலை ஆகியவற்றைப் பயின்றார்.

செல்வச் செழிப்புள்ள குடும்பத்தின் பிள்ளை, செங்கல் சுமப்போரிடமும் கல் தச்சரிடமும் தொழில் பழகுவது அன்றைய இலண்டனில் பலர் விரும்பும் செயலாக இருந்திருக்காது. நம் நாட்டிலும் நிலை வேறன்று. உடலுழைப்பை அறிவுக்குக் கீழாக வைத்து எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் கட்டடத் தொழில் எத்தகைய அறிவு என்பதை அதனைப் பழகியவர் அறிவர். தூக்குக்குண்டு கொண்டு சுவரின் நேரைப் பார்ப்பதற்கும் இரசமட்டம் கொண்டு தளத்தின் சமத்தைப் பார்ப்பதற்கும் கண் பழக வேண்டும். மரத்தின் இழை ஓடும் திசையை அறிந்து இழைப்புளியைத் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் மரம் பிசிறும். உளியின்மீது விழும் அடி கூடினால் கல் பிளக்கும், குறைந்தால் செதுக்காது. எவ்வளவு விசை போதும் என்பதை நூல் சொல்லித் தராது. கையே பலமுறை தவறிக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பொருளைத் தொட்டவுடன் அதன் இயல்பை உணரும் அந்தத் திறன், பிற்காலத்தில் அறுவை அரங்கில் அவருக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை அப்போது அவரோ அவருக்குத் தொழில் கற்பித்தவரோ அறிந்திருக்க வழியில்லை.

கணவரை இழந்த ஈவ்லின் சிறிது காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு மீண்டும் மலைக்கே திரும்பினார். மகனும் மலைப்பணிக்கு ஆயத்தமாகும் நோக்கத்துடன், தந்தை பயின்ற அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு அடிப்படை மருத்துவம் கற்கச் சென்றார். அப்பயிற்சியின் ஒரு பகுதியாக இலண்டன் கன்னாட் மருத்துவமனையில் ஓரிரவு பணியில் இருந்தபோது, விபத்தில் பெருமளவு குருதியை இழந்த இளம்பெண் ஒருவர் கொண்டுவரப்பட்டார். முகம் வெளிறி, நாடித்துடிப்பும் உணர முடியாத நிலை. அவர் இறந்துவிட்டார் என்றே பால் எண்ணினார். குருதி ஏற்றப்பட்டது. சிறிது நேரத்தில் கன்னத்தில் நிறம் திரும்பியது, இதழ்கள் அசைந்தன, அப்பெண் தண்ணீர் கேட்டார். சிறு வயது முதல் எதனைக் கண்டு பால் அஞ்சினாரோ, அதே குருதி ஓர் உயிரை மீட்பதை அன்று நேரில் கண்டார். அதன் பின்னரே அவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்து முறையாக மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் இலண்டன்மீது குண்டுகள் பொழிந்த நாள்களில் அறுவை மருத்துவப் பயிற்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட்டை 1943இல் மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளரின் கண்களைக் காக்கும் மருத்துவராகப் பெயர் பெற்றார்.

செங்கற்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946ஆம் ஆண்டு, தொழுநோய் மருத்துவ வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்றுப் பால் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு, காக்ரேன் பொறுப்பில் இருந்த செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கிருந்தோரின் கைகளைக் கண்டார். விரல்கள் பறவையின் நகங்களைப் போல உள்நோக்கி வளைந்திருந்தன. பலருக்கு விரல்கள் குட்டையாகிவிட்டிருந்தன. இவற்றைச் சீராக்க எலும்பு, மூட்டு மருத்துவர் எவரேனும் முயன்றதுண்டா என அவர் வினவினார். அத்தகைய முயற்சியே நடந்ததில்லை என்பது காக்ரேனின் மறுமொழி. அன்று உலகெங்கும் தொழுநோயாளர் எண்ணிக்கை பல இலட்சம். போலியோவால் முடங்கியவர்களுக்காக உழைத்த அறுவை மருத்துவர்கள் பலர் இருக்க, இவர்களைத் திரும்பிப் பார்த்தவர் எவரும் இல்லை.

அங்கே ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தம் கையைக் கொடுத்து, முடிந்த அளவு வலிமையாக அழுத்துமாறு பிராண்ட் கேட்டுக்கொண்டார். மெலிந்த பிடியையே எதிர்பார்த்தார். மாறாக, தம் கையை விடுவிக்கச் சொல்லும் அளவுக்கு அப்பிடி வலித்தது. பயனற்றுப்போனதாகக் கருதப்பட்ட கையில் இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? அந்த வினாவிலிருந்தே அவருடைய வாழ்நாள் ஆய்வு தொடங்கியது.

விடையைச் சுருக்கமாகக் காண்போம். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுப்பை விரலுக்குக் கொண்டு செல்பவை தசைநாண்கள். உள்ளங்கைக்குள் இருக்கும் சிறுதசைகள் அந்த இழுப்பைச் சமன்செய்து நுண்ணசைவுகளைத் தருகின்றன. தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகும் இயல்புடையது. எனவே தோலுக்கு அருகில் ஓடும் இடங்களில், அதாவது முழங்கைக்கு அருகிலும் மணிக்கட்டிலும், நரம்புகள் சிதைகின்றன. செங்கற்பட்டில் இறந்த நோயாளி ஒருவரின் உடலைப் பிராண்டும் உடன் பணியாற்றியோரும் ஓரிரவு முழுவதும் ஆராய்ந்து இவ்வுண்மையைக் கண்டனர். சிதைவுக்கு மேலே பிரியும் நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகள் நலமாகவே இருக்கின்றன. உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழப்பதால் சமநிலை குலைந்து விரல்கள் வளைகின்றன. கை இறந்துவிடவில்லை. அதன் கயிறுகள் சில அறுந்திருந்தன, அவ்வளவே.

முன்கையிலுள்ள நலமான தசையொன்றின் நாணை எடுத்து, நீட்டி, நான்கு இழைகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியே விரல்களுக்குக் கொண்டுசென்று தைப்பது பிராண்ட் வளர்த்தெடுத்த அறுவை முறைகளுள் ஒன்று. இழை இறுகினால் விரல் விறைக்கும். தளர்ந்தால் மடங்கிய விரல் நிமிராது. கப்பியும் கயிறும் பொருத்தும் தச்சரின் கணிப்பு இங்கே வேண்டும். ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சி வீணாகவில்லை எனப் பிராண்ட் பிற்காலத்தில் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

வலியில்லாமையின் கேடு

விரல்கள் ஏன் குட்டையாயின என்னும் வினா எஞ்சியிருந்தது. தொழுநோய் தசையை அழுகச் செய்வதால் விரல்கள் தாமே உதிர்கின்றன என்றே பொதுமக்களும் மருத்துவருட் பலரும் நம்பினர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பிராண்ட் முயன்றும் சாவி திரும்பவில்லை. அருகிலிருந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் குருதி சொட்டியது. சிறுவனின் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது; அவனோ அதனை அறியவே இல்லை. நலமான மனிதர் ஒருவரின் விரல், வலி தொடங்கியதும் அழுத்துவதை நிறுத்திவிடும். சிறுவனின் விரலில் அந்த எச்சரிக்கை இல்லை.

அதன் பின் பிராண்டும் குழுவினரும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, கரடுமுரடான கருவியைப் பற்றியது, செருப்புக்குள் கிடந்த ஆணியின்மேல் நாள் முழுவதும் நடந்தது எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சிலருக்கு ஓரிரவில் விரலின் ஒரு பகுதி காணாமற் போனது மட்டும் விளங்கவில்லை. இரவில் விழித்திருந்து காவல் காத்தபோது அதுவும் தெரிந்தது. உறங்குவோரின் உணர்விழந்த விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. தீர்வு மிக எளியது: பூனைகள் வளர்க்கப்பட்டன. பெரிய ஆய்வுக்கூடங்கள் கண்டறியாத ஒன்றை, விழித்திருந்து பார்த்தமையால் கண்டனர் என்பது மாணவர் கருதத்தக்கது. உறுப்பிழப்பு இந்நோயின் தவிர்க்க முடியாத முடிவன்று, உணர்விழந்த உறுப்புக்கு நேரும் காயங்களின் விளைவு என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம்.

நவஜீவ நிலையம்

அறுவை முடிந்து கைகள் நிமிர்ந்த நோயாளிகள் சிலர் ஊருக்குச் சென்று, வாடிய முகத்துடன் திரும்பி வந்தனர். வளைந்த விரல்களைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டோர் இப்போது இடவில்லை. நோயின் தழும்புகளைக் கண்டு எவரும் வேலையும் தரவில்லை. நல்ல கை கிடைத்தது, ஆனால் அது பிச்சைக்கு உதவாத கை என்பது அவர்களின் முறையீடு. மருத்துவர் ஒருவருக்கு இதனினும் கடுமையான தேர்வு இருக்க முடியாது. கையை நிமிர்த்துவதோடு தம் பணி முடிந்தது என்று அவர் விலகியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிற்றூர் போன்ற குடியிருப்பு உருவாயிற்று. எளிய குடில்களில் தங்கி, அறுவைக்குப் பின் கைகளைப் பயன்படுத்தவும் ஒரு தொழிலைக் கற்கவும் நோயாளிகளுக்கு அங்கே வாய்ப்புக் கிடைத்தது. தச்சுப் பட்டறையில் ஆசிரியராக நின்றவர்களுள் பிராண்டும் ஒருவர். இலண்டனில் பழகிய இழைப்புளியும் இரம்பமும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. மரப் பொம்மைகள் செய்ய அவர்களுக்குக் கற்றுத் தந்தார். வலியுணராத கைகளுக்கு ஏற்பக் கருவிகளின் பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. வேலை முடிந்ததும் ஒவ்வொருவர் உள்ளங்கையையும் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஓரிடம் பிற இடங்களைவிடச் சூடாக இருந்தால் அங்கே அழுத்தம் மிகுந்துள்ளது என்று பொருள்; புண் தோன்றும் முன்பே அக்கைக்கு ஓய்வு தரப்பட்டது. சிறு வயதில் தந்தை கையுறையணிந்து தொட்ட நோயாளிகளை மகன் வெறுங்கையால் தொட்டார். நோய் எளிதில் தொற்றுவதில்லை என்னும் அறிவு இடைப்பட்ட காலத்தில் வளர்ந்திருந்தது.

கைகளுக்குச் செய்ததைப் போலவே கால்களுக்கும் வழி தேடினர். வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியில் எழுந்த தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும், நுண்ணறைகள் கொண்ட மென்மையான இரப்பரால் காலணிகள் உருவாக்கப்பட்டன. உடலெடை பாதத்தின் ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவச் செய்வதே அவற்றின் அமைப்பு. 1960இல் பிராண்டுக்கு இலாஸ்கர் விருது கிடைத்தது.

மலைக்குத் திரும்பியோர்

1966இல் பால் பிராண்ட் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, உலூசியானா மாநிலம் கார்வில் என்னும் ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். நீரிழிவு நோயாளரின் பாதங்களும் இதே முறையில் உணர்விழந்து புண்ணாவதை அங்கு அவர் கண்டார். தொழுநோயாளருக்காகத் தமிழ்நாட்டில் அறிந்த உண்மைகள், அந்நாட்டில் நீரிழிவு நோயாளர் பலரின் கால்களைக் காத்தன. நீரிழிவு மிகுந்துவரும் நம் ஊர்களிலும், நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறும் அறிவுரைக்குப் பின்னால் அந்தப் பூட்டும் சாவியும் இருக்கின்றன.

அன்னை ஈவ்லின் மலையை விட்டு இறங்கவில்லை. பணி ஓய்வு பெறும் வயது வந்ததும், தம்மை அனுப்பிய அமைப்பின் பொறுப்பிலிருந்து விலகித் தாமாகவே மலைவாழ் மக்களிடையே தங்கினார். கொல்லிமலையோடு கல்ராயன், பச்சைமலை முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரையில் சென்றார். முதுமையில் கால் தளர்ந்தபோது இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். மலைகளில் நரம்புச் சிலந்தியை ஒழிக்கும் பணியில் அவருக்கும் பங்குண்டு. கீழே வந்து தம்முடன் தங்குமாறு மகன் பலமுறை அழைத்தும் அவர் இசையவில்லை. 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய உடல் மலைமேல் கொண்டு செல்லப்பட்டு, 45 ஆண்டுகளுக்கு முன் கணவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்திற்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பால் பிராண்ட் 2003 சூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலமானார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதியில் கொத்து வேலை, தச்சு வேலை, தறி, பானை வனைதல் போன்ற கைத்தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, நூலால் அறிய இயலாது கையால் மட்டுமே கற்றவை எவை எனக் கேட்டு, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

உறவினர் வீட்டில் தங்கி வெளியூரிலோ வெளிநாட்டிலோ படித்த அல்லது பணியாற்றிய குடும்பத்தினர் ஒருவருக்கு, அந்நாள்களைப் பற்றிக் கேட்டுக் கடிதம் ஒன்று வரைக.